மணலும் திரையும்

சென்ற பருவத்தில் ஒருநாள், வகுப்பில் யாப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தோம். கரும்பலகை நிறைய அசைபிரித்து எழுதி முடித்துத் திரும்பியபோது, ஒரு மாணவரும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. கைகள் உயர்ந்திருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பேசி. படம் எடுத்து முடித்ததும் பலகையை அழித்துவிட்டு, "நேரசை என்றால் என்ன?" என்று கேட்டோம். முதல் வரிசை மாணவர் தயக்கமின்றிச் சொன்னார்: "போனில் இருக்கிறது, ஐயா."

சினம் வரவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய வேறொரு வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது.

நம் திண்ணைப் பள்ளிகளில் குழந்தை முதலில் எழுதியது மணலில். விரலால் எழுத்தின் வடிவை வரைந்து, வாயால் அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடியில் முந்திரி, காணி, மா என்று நுண்ணிய பின்னங்கள் வரை மனப்பாடம். முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரியைச் சிறுவர் மனக்கணக்கில் கையாண்டனர். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தான். மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளிடம் பூ, பறவை என ஒவ்வொரு பெயரைச் சொல்லியனுப்பி மறுநாள் கேட்கும் வழக்கத்தை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் பதிவுசெய்துள்ளார். நினைவும் ஓர் உடற்பயிற்சியாகவே கருதப்பட்டது.

இந்த மணல் கடல் கடந்தது என்பது பலர் அறியாத செய்தி. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்த முனைந்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே மாணவன் ஒருவனையே கீழ்வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். இந்த அனுபவத்தை 1797-இல் இலண்டனில் சிறு நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர்பெற்ற அது, 1811-இல் தொடங்கப்பட்ட நேஷனல் சொசைட்டியின் பள்ளிகள் வழியே இங்கிலாந்தெங்கும் பரவியது. மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பதைப் பெல் தம் கண்டுபிடிப்பாகவே முன்வைத்தார். சட்டாம்பிள்ளையைத் திண்ணைகள் முன்பே அறிந்திருந்தன என்பது நமக்குத் தெரியும். பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவரது கொடையால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

ஆனால் கருவி சென்றதேயன்றி அதன் சூழல் உடன் செல்லவில்லை. திண்ணையில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அறிந்தவர். இங்கிலாந்திலோ அதே முறை, நூற்றுக்கணக்கான ஏழைக் குழந்தைகளை ஓர் ஆசிரியரின் கூலியில் அடக்கும் சிக்கன ஏற்பாடாயிற்று. ஒரே மணல், இரு வேறு பண்பாடுகள்.

இப்படிச் சொல்வதால் திண்ணையைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்ட கணக்கெடுப்பின் முடிவு 1826-இல் தொகுக்கப்பட்டது. மாகாணத்தில் 12,498 பள்ளிகள்; 1,88,650 மாணவர்கள். தமிழ் மாவட்டங்களில் சூத்திரர் எனக் குறிக்கப்பட்டோரே மாணவருள் பெரும்பான்மை என்பது வியப்பூட்டும் உண்மை. அந்த எண்ணிக்கையில் பெண்குழந்தைகள் மிகச் சிலரே என்பதும் உண்மை. தீண்டாதார் என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரமாகவே இருந்தது. பிரம்படியும் அங்கே கல்வியின் ஒரு பகுதி.

அந்த உயரத்தைத் தாண்ட உதவியவற்றுள் அச்சுப் புத்தகமும் ஒன்று. இன்று கைப்பேசியும் அவ்வரிசையில் சேர்ந்துவிட்டது. நம் வகுப்பில் கைப்பேசியை உயர்த்திய மாணவர்களுள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். வீட்டில் புத்தக அலமாரி இல்லாத பெண், பழந்தமிழ் நூல்களை மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் இரவில் படிக்கிறார். 1998-இல் தொடங்கிய அந்தத் தன்னார்வப் பணி இல்லையெனில் அந்நூல்கள் அவருக்கு ஏது? அவரிடம் "கருவியைக் கீழே வை" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

எனினும் ஒரு வேறுபாடு உறுத்துகிறது. மணல் அழியும். அடுத்த எழுத்துக்கு இடம் வேண்டுமென்றால் முந்தைய எழுத்தைக் கலைத்தே ஆகவேண்டும். எனவே கற்றது குழந்தையிடம் தங்கியாக வேண்டும், தங்குவதற்கு வேறிடமில்லை. திரையோ எதையும் அழிப்பதில்லை. அது காப்பதாலேயே நாம் காக்க மறக்கிறோம்.

மறுநாள் வகுப்பில் கைப்பேசியைத் தடுக்கவில்லை. படம் எடுத்தபின் பலகையை அழித்துவிட்டு, நால்வரை அழைத்து நினைவிலிருந்து எழுதச் சொன்னோம். மற்றவர்கள் திருத்தினார்கள். முதல் வரிசை மாணவர் இருமுறை பிழைசெய்து மூன்றாம் முறை நேரசையைச் சரியாகப் பிரித்தார். கையில் சுண்ணப்பொடி. சிறிது நேரம் அதைத் துடைக்காமலே நின்றார்.