புதியது கொடுத்துப் பழையது கொண்ட கதை

பழைய இரும்பைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்குவதும், பழைய துணியைக் கொடுத்து எவர்சில்வர் பாத்திரம் வாங்குவதும் நம்மவர் வீடுகள் நன்கறிந்த வாணிகம். பழையதைத் தள்ளிப் புதியதைக் கொள்வதே உலக வழக்கு. புதிய விளக்கைக் கொடுத்துப் பழைய விளக்கை வாங்கிக்கொள்வதாகத் தெருவில் கூவி வந்தவனைக் கண்டு ஊரார் நகைத்தனர் என்று அலாவுதீன் கதை கூறும். அத்தகைய தலைகீழ்ப் பண்டமாற்று ஒன்றைப் பெங்களூர்த் தொம்மலூரில், நம் அடுத்த வீட்டிலேயே காண நேர்ந்தது. அதைப் பற்றி எண்ணத் தொடங்கிய நமக்கு அது ஒரு தனி மனிதரின் விருப்பமாக மட்டும் தோன்றவில்லை. திருவிடைமருதூர் வரையில் செல்லும் ஒரு வரலாற்றின் கடைசி ஏடாகவே தோன்றியது.

அடுத்த வீட்டு அன்பர் கணிப்பொறித் தொழிலில் பல ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்து, வயது முதிர்ந்த தாயாரோடு வாழ்வதற்காகத் திரும்பி வந்தவர். அவர் தம்முடன் கொண்டுவந்த பெரிய பெட்டியில் பெடல் ஸ்டீல் கித்தார் ஒன்று இருந்தது. இது பெயரளவில்தான் கித்தார். தோளில் மாட்டிக்கொள்வதன்று, கால்கள் பொருத்தி மேசைபோல் நிறுத்துவது. பெரும்பாலும் ஒரு வரிசைக்குப் பத்துத் தந்திகள் இருக்கும். வாசிப்பவர் அதன் முன் அமர்ந்து, இடக்கையால் ஓர் எஃகு உருளையைத் தந்திகளின்மேல் நகர்த்துவார். வலக்கை விரல்களால் மீட்டுவார். பாதத்தால் மிதிகளையும், முழங்காலால் நெம்புகோல்களையும் அசைத்துத் தந்திகளின் சுருதியை ஏற்றியும் இறக்கியும் கொள்வார். கையும் காலும் ஒருங்கே தொழிற்படுவதைக் காணும்போது தறியில் அமர்ந்த நெசவாளர்தாம் நினைவுக்கு வருகிறார்.

அன்பரிடம் முதலில் இருந்தது புத்தம் புதிய கருவி. அதைக் கொடுத்துவிட்டு, 1960-களில் செய்யப்பட்ட பழைய கருவி ஒன்றை அவர் வாங்கிக்கொண்டாராம். வண்ணம் மங்கி, விளிம்புகள் தேய்ந்து, எடை மிகுந்து காணப்படும் அதனைச் சுருதி கூட்டுவதற்கே அவருக்கு அரைமணி நேரம் ஆகிறது. திருப்புளியும் கையுமாக அவர் அதன் அடியில் குனிந்திருப்பதைப் பார்த்த தாயார், “புதுசைக் கொடுத்துட்டு இந்தப் பழங்கட்டையை வாங்கிக்கிட்டு வந்திருக்கானே, நீங்களாவது கேக்கப்படாதா?” என்று நம்மிடம் குறைப்பட்டுக் கொண்டார். நாமும் கேட்டோம். “ஐயா, பழையதில் ஒலி உடம்பிலிருந்து வருகிறது” என்பதுதான் அவர் விடை.

அவர் சொன்னதற்குப் பொறியியல் விளக்கம் ஒன்று உண்டு. இக்கருவியில் ஒவ்வொரு தந்தியும் விரல் போன்ற ஓர் உலோகத் துண்டின்மேல் சென்று முடிகிறது. மிதியை அழுத்தினால் இவ்விரல் அசைந்து தந்தியை இறுக்கவோ தளர்த்தவோ செய்யும். இன்றைய கருவிகளில் ஏற்றுவது, இறக்குவது ஆகிய இரண்டையும் இழுகம்பிகளே செய்கின்றன. விரல் இரு துண்டுகளாகப் பிரிந்து, வில்சுருள்களின் துணையால் தன்னிடம் மீள்கிறது. சுருதி கூட்டுவது இதில் எளிது. எம்மன்ஸ் என்னும் பெயருடைய பழைய கருவியிலோ தந்தியை ஏற்றுவதற்கு இழுப்பும், இறக்குவதற்குத் தள்ளலும் பயன்பட்டன. விரல் ஒரே துண்டாக இருந்து, ஓய்வு நிலையில் கருவியின் உடலோடு இறுகப் படிந்திருக்கும். தந்தியின் அதிர்வு நேரே உடலுக்குச் சென்று சேர்வதால் நாதம் செறிவுடையதாகிறது என்பது பழையதை விரும்புவோர் கூற்று. அந்த நிறுவனமே பிற்காலத்தில் எளிய முறைக்கு மாறிவிட்டது. ஆயினும் தொல்லை மிகுந்த பழைய கருவியைத் தேடி அலைவோர் அமெரிக்காவில் இன்றும் உளர். கருவியில் ஒன்றுமில்லை, எல்லாம் கையில்தான் என்று மறுப்பாரும் உளர். இரு சாராரும் ஓரளவு உண்மையே பேசுகின்றனர் என்பது நம் கருத்து.

பண்டமாற்றுக்குத் தொம்மலூர் பொருத்தமான ஊரே. இங்குள்ள சொக்கநாதர் கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. மதுரையில் சொக்கநாதர் என்றால் சிவபெருமான். இங்கே அவர் சொக்கப்பெருமாள், அதாவது திருமால்! போசள மன்னன் இராமநாதன் காலத்தை ஒட்டிய அக்கல்வெட்டுக்களில் இவ்வூருக்குத் தேசிமாணிக்கப் பட்டணம் என்ற பெயரும் வழங்குகிறது. பட்டணம் என்பது வாணிகம் நடந்த ஊர். தேசி என்பது நாடுவிட்டு நாடு சென்ற வணிகர் கூட்டத்தாரைச் சுட்டும் சொல். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நம்மனோர்க்கு இப்பெயர் ஒருவகை ஆறுதலைத் தருகிறது.

நிற்க. இக்கருவியின் பிறப்பிடம் ஹவாய்த் தீவுகள். ஜோசப் கெகுகு என்ற மாணவர் 1880-களின் இறுதியில், மடியில் கிடத்திய கித்தாரின் தந்திகள்மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் முறையைக் கண்டார் என்பர். அவர் 1904-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெருநிலத்திற்குச் சென்று அதைப் பரப்பினார். அவருக்கு முன்பே, இந்தியாவில் பிறந்து கப்பல் தலைவன் ஒருவனால் ஹவாய்க்குக் கொண்டு செல்லப்பட்ட காபிரியேல் டேவியன் என்பவர் இவ்வாறு வாசித்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. பெருமை பெரும்பாலும் கெகுகுவுக்கே தரப்படுகிறது. நாம் அதைப் பறித்துக்கொள்ள விரும்பவில்லை. 1915-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சிக்குப் பின் ஹவாய் இசை அமெரிக்கா எங்கும் பரவியது. 1930-களின் தொடக்கத்தில் மின் விசையால் ஒலி பெருக்கும் ஸ்டீல் கித்தார் தோன்றியது.

மிதிகள் ஏன் வந்தன என்பதே நமக்கு முக்கியம். மேனாட்டு இசைக்கு உயிர், பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் இசைவு. நேரான ஓர் உருளையைத் தந்திகளின்மேல் குறுக்கே வைத்தால் ஒரே வகையான சுரக்கூட்டம்தான் கிடைக்கும். இடத்தை மாற்றினால் அதே கூட்டம் மேலே போகும், கீழே வரும், அவ்வளவே. இக்குறையை நீக்கவே மிதிகள் அமைத்தனர். 1940-ஐ ஒட்டிக் கிப்சன் நிறுவனம் அவ்வாறான கருவியை வெளியிட்டது. 1954-ஆம் ஆண்டில் புகழ் பெற்ற ஒரு நாட்டுப்புறப் பாடலில் பட் ஐசக்ஸ் என்பவர், சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தி ஒரு தந்தி நிற்க மற்றொரு தந்தி ஏறும் இனிமையைக் காட்டினார். அது முதல் அந்நாட்டு வித்துவான்கள் பலரும் மிதியை நாடினர். பட்டி எம்மன்ஸ் 1963-இல் தம் பெயரால் நிறுவனம் கண்டு, மேலே சொன்ன கருவியைச் செய்தார்.

நம் நாட்டிலும் ஹவாய்க் கித்தார் வேரூன்றியது. மிதி மட்டும் வேரூன்றவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டாவ் மோ என்னும் ஹவாய் இசைவாணர் தம் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கியிருந்தார். அந்நகரத்துக் கார்னி நிஸ் போன்றோர் அக்கலையை மேற்கொண்டனர். பின்னர் இரவீந்திர சங்கீத மெட்டுக்களை ஹவாய்க் கித்தாரில் கேட்பது வங்காள வானொலி நேயர்களுக்கு அன்றாட வழக்கமாயிற்று. ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ் பூஷண் காப்ரா அக்கருவியில் இராகத்தை விரித்து வாசித்தார். 1967-இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் அளித்த இசைத்தட்டு உலகெங்கும் பரவியது. விசுவமோகன் பட் தாம் அமைத்த மோகன வீணையை வாசித்தல்லவா 1994-இல் கிராமி விருது பெற்றார்! இவர்கள் கித்தாரில் சுருதித் தந்திகளையும், மீட்டாமலே உடன் அதிரும் தந்திகளையும் சேர்த்தார்களே அன்றி, மிதிகளைச் சேர்க்கவில்லை. காரணம் வெளிப்படை. நம் இசை ஒரே தந்தியில் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கியும் அசைந்தும் செல்வது. அதற்கு வேண்டியது கையே. அமெரிக்கருக்கு முன்னேற்றமாக இருந்த ஒன்று, நமக்குத் தேவையில்லாத சுமை.

இந்த இடத்தில்தான் திருவிடைமருதூர் வருகிறது. உருளையை நகர்த்தி வாசிக்கும் முறை ஹவாயிலிருந்துதான் நமக்கு வந்தது என்று எண்ணுவோர் பலர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம், ஒற்றைத் தந்தி வீணையைக் கம்ரிகா என்னும் மூங்கில் துண்டால் வாசிக்கும் முறையைக் கூறுகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, தஞ்சையில் இரகுநாத நாயக்கர் காலத்தில் இருபத்து நான்கு மெட்டுக்களை நிலையாக அமைத்த வீணை உருவாயிற்று என்பர். சுர இடம் தவறாமல் கற்க அது பேருதவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த திருவிடைமருதூர் சகாராம் ராவ், மெட்டுக்களே இல்லாத கோட்டு வாத்தியத்தைக் கையில் எடுத்து அதற்குக் கச்சேரி மேடையில் இடம் தேடித் தந்தார். ‘கோடு’ என்பது கொம்பையும் மரக்கிளையையும் குறிக்கும் தமிழ்ச்சொல். தந்திமேல் நகர்த்தும் உருளையும் கருங்காலியாலோ கொம்பாலோ ஆனதே. மெட்டு என்ற வசதியைக் கொடுத்து, வழுக்கும் நாதத்தை வாங்கிக்கொண்ட சகாராம் ராவ் செய்ததும் புதியது கொடுத்துப் பழையது கொண்ட வாணிகமே அன்றோ? ஓர் இழை பிசகினால் அபசுரம். அந்த அச்சத்தோடுதான் வாசிக்க வேண்டும். அவரிடம் பயின்ற பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியார் இக்கலையைக் கலாக்ஷேத்திரத்தில் கற்பித்தார். செம்மங்குடி சீனிவாச ஐயரும் இளமையில் சகாராம் ராவிடம் பாடம் கேட்டவரே. மைசூர் அரசவையில் சிறப்புற்ற நாராயண ஐயங்கார் கோட்டு வாத்தியத்தைத் தென்னாடெங்கும் ஒலிக்கச் செய்தார். வடக்கே பாட்டியாலா அப்துல் அஜீஸ் கான், தாம் வாசித்துவந்த சாரங்கியை விட்டு, இதே இனத்ததாகிய விசித்திர வீணைக்கு மாறினார்.

இனி, இவ்வழுக்கு நாதத்தைத் தர இயலாத கருவி ஒன்றின் கதை. ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம் நாடகக் கொட்டகை, பஜனைமடம், பள்ளிக்கூடம் எங்கும் புகுந்தது. கட்டையை அழுத்தினால் சுரம். குழந்தையும் ஒரு வாரத்தில் வாசிக்கலாம். ஆனால் சுரத்திற்கும் சுரத்திற்கும் இடையே உள்ள வெளி அதில் இல்லை. தோடியின் காந்தாரத்தை அதில் அசைத்துக் காட்ட முடியுமா? இரவீந்திரநாத தாகூரும் அதை வெறுத்தார். 1940-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. இசைக் காரணம் சரியே. ஆயினும் அக்கருவியோடு வாழ்ந்த எளிய கலைஞர்களுக்கு முப்பது ஆண்டுகள் என்பது ஓர் ஆயுட்காலம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் பாட்டனார் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் இருந்தவர். கோட்டு வாத்தியம் ஓரளவு பயின்றவர். அத்தடைக்குச் சில ஆண்டுகள் முன்பு, வீட்டுப் பெண்கள் விரைவில் பாடக் கற்க வேண்டும் என்பதற்காகக் கோட்டு வாத்தியத்தைக் கொடுத்து ஆர்மோனியம் ஒன்றை வாங்கினார். வாங்கிப் போனவர் கருவியை மட்டும் எடுத்துச் சென்றார்; கருங்காலிக் கோடு வீட்டிலேயே தங்கிவிட்டது. சில மாலைகளில் பாட்டனார் அதை எடுத்துத் தம் தொடையின்மீது வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருப்பார் என்று பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர் அப்பண்டமாற்றைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஆர்மோனியம் தொம்மலூர் வரை நம்மோடு வந்து பரண்மேல் இருக்கிறது. கோடு, நாம் மொழிபெயர்க்கும் தாள்கள் காற்றில் பறவாமல் இருக்க மேசைமேல் பாரமாக இருக்கிறது.

இக்கதையை அடுத்த வீட்டு அன்பரிடம் சொன்னோம். அவர் அக்கோட்டைச் சற்றுநேரம் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இரவல் கேட்டு எடுத்துச் சென்றார். அன்றிரவு சுவருக்கு அப்பால் பழைய கித்தார் ஒலித்தது. எஃகு உருளையின் நீண்ட நாதம் இல்லை. மரம் தந்தியை அணைத்து ஒலியை விரைவில் அடக்கிவிட்டது. மறுநாள் கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவர், “இது இந்தக் கருவிக்கு உரியதன்று, ஐயா” என்றார். பிறகு, கோட்டு வாத்தியம் இப்போது எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். தஞ்சையில் வீணை செய்யும் தச்சர்கள் சிலர் சொல்லிவைத்தால் செய்து தருவார்கள் என்றோம். பொங்கலுக்கு ஊர் செல்லும்போது எங்களையும் அழைத்துப் போங்கள் என்று அவருடைய தாயார் உள்ளிருந்தே குரல் கொடுத்தார். இம்முறை எதைக் கொடுத்து வாங்கப் போகிறான் என்று அவர் கேட்டதற்கு மகன் விடை சொல்லவில்லை.