ஈயம் போனது, எத்தனால் வந்தது: மேற்குச் சென்னையின் பழைய புல்லட்டுகளும் பெட்ரோலும்

பழைய புல்லட் வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை இன்னமும் வலுவாக இருக்கிறது. ஈயம் நீக்கிய பெட்ரோல் வால்வை அரித்துவிடும், அதைத் தடுக்க டேங்கில் ஒரு பாட்டில் மருந்து ஊற்ற வேண்டும் என்பதே அது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட கார்புரேட்டர் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. இந்த நம்பிக்கை உருவான வரலாற்றைத் தேடிப் போனால், அச்சம் தவறான எரிபொருள்மீது படிந்திருப்பது தெரியும். ஈயம் போனதால் இந்த எஞ்சின்களுக்கு நேர்ந்த கேடு சிறிது. பின்னால் வந்த எத்தனால்தான் கவனிக்க வேண்டிய மாற்றம்.

1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயம் கலந்தால் எஞ்சினில் நாக்கிங் நிற்கும் என்று கண்டார். 1923-இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆக்டேனை உயர்த்தவே ஈயம் சேர்க்கப்பட்டது. ஆனால் அது எரிந்தபின் எக்ஸாஸ்ட் வால்வின்மீதும் அது அமரும் சீட்டின்மீதும் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்பும் இரும்பும் நேராக உரசாமல் காத்தது. பிற்கால அச்சம் முழுவதும் இந்த இரண்டாவது பயனைச் சுற்றியே எழுந்தது.

புல்லட்டின் பிறப்பை இங்கே நினைவுகூர வேண்டும். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை திருவொற்றியூரில் எழுந்தது. பக்கத்து மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969-இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் 350 சிசி புல்லட்டின் எஞ்சின் வடிவம் அதற்கெல்லாம் முந்தியது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் தரம் குறைந்த ‘பூல்’ பெட்ரோல் மட்டுமே கிடைத்த 1940-களின் இறுதியில் அது உருவானது. அதன் அமுக்க விகிதம் ஏறத்தாழ 6.5 தான். இந்தியாவில் நெடுங்காலம் விற்ற 87 ஆக்டேன் பெட்ரோலே இதற்குத் தாராளம். ஹெட் அலுமினியம். அலுமினியம் வால்வின் அடியைத் தாங்காது என்பதால் சீட்டுக்குத் தனி வளையம் பொருத்தியிருப்பார்கள், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட் வெட்டப்பட்ட அம்பாசிடருக்கும், வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் இருந்த ஆபத்து புல்லட்டுக்கு இருக்கவில்லை. ஜாவா, ராஜ்தூத் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளிலோ இத்தகைய வால்வே கிடையாது.

ஈயம் ஒரே நாளில் போய்விடவில்லை. லிட்டருக்கு 0.56 கிராம் வரை அனுமதிக்கப்பட்ட ஈயம், 1994 ஜூனில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 0.15 கிராமாகக் குறைந்தது. 1995 ஏப்ரலில் அதே நகரங்களில், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பொருத்திய புதிய கார்களுக்காக 0.013 கிராமுக்கு மேற்படாத ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் அது மட்டுமே. இந்த முடிவு சரியானது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வொன்று, 2005-06 காலத்தில்கூடச் சென்னைப் பள்ளிச் சிறுவர்களின் இரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்ததைப் பதிவுசெய்தது. பெட்ரோலில் ஈயம் நின்று ஐந்தாண்டு கழித்தும் இந்த நிலை. ஒரு வால்வு சீட்டைக் குழந்தையின் மூளையோடு ஒரே தராசில் வைக்க முடியாது.

வால்வு சீட் தேய்வது நடக்காத காரியம் என்று சொல்லவில்லை. படலம் இல்லாதபோது, கடும் சூட்டில் வால்வு முகம் சீட்டோடு நுண்ணளவில் ஒட்டிப் பிய்கிறது. பிய்ந்த துகளே உப்புத்தாள்போல் மேலும் தேய்க்கிறது. வால்வு உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி குறையும், கம்ப்ரஷன் விழும், கிக்கர் அடித்தாலும் வண்டி எளிதில் கிளம்பாது. ஆனால் இதற்குத் தொடர்ந்த வேகமும் சூடும் வேண்டும். சி.டி.எச். சாலையில் ஆவடிக்கும் பாடிக்கும் இடையே சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டிக்கு அந்தச் சூடு அரிது. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் முறுக்குபவர்தான் அஞ்ச வேண்டும். அவருக்கும் தீர்வு லேத் பட்டறையில் இருக்கிறது: பழைய வளையத்தை எடுத்துவிட்டுக் கடினப்படுத்திய வளையம் போட்டு, சீட் வெட்டி, லேப்பிங் செய்தால் முடிந்தது. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சூழ்ந்து வளர்ந்த கைத்திறனுக்கு இது பெரிய வேலையல்ல.

பாட்டில் மருந்துகளுக்கும் அறிவியல் அடிப்படை உண்டு. பொட்டாசியம், சோடியம், மாங்கனீசு, பாஸ்பரஸ் ஆகியவற்றின் சேர்மங்கள் ஈயப் படலத்தின் வேலையை ஓரளவு செய்கின்றன. பிரிட்டனில் ஈயப் பெட்ரோல் முடிவுக்கு வந்தபோது, பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு இத்தகைய மருந்துகளை மோட்டார் தொழில் ஆராய்ச்சி அமைப்பான மைராவின் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, தேறியவற்றுக்கு மட்டும் ஒப்புதல் தந்தது. வெவ்வேறு வகைகளை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பதும் அப்போது வலியுறுத்தப்பட்டது. ஆக்டேன் பூஸ்டர் என்று விற்பது வேறு சரக்கு. 6.5 அமுக்க விகிதத்துக்கு அது வீண் செலவு.

எத்தனாலின் கதை வேறு. 2003-இல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் 5 விழுக்காடு கலப்பு தொடங்கியது. நாடளாவிய சராசரி 2022-இல் 10 விழுக்காட்டை எட்டியது. 20 விழுக்காட்டுப் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-இல் பரவலானது. இந்தக் கலப்பு புல்லட்டின் வால்வைத் தொடுவதற்கு முன்பே டேங்கையும் ரப்பரையும் கார்புரேட்டரையும் தொடுகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி டேங்கோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் நீர் சேர்ந்து, ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலோடு பிரிந்து அடியில் தங்கும். இரும்பு டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பெட்ரோல் டேப்பின் கார்க் வாஷரும் பழைய ரப்பர் ஹோஸும் ஊறிக் கெடும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். பழைய ஜெட்டோடு ஓடும் கார்புரேட்டருக்கு இதை அறிய வழியில்லை. கலவையில் காற்று மிகுந்து, எஞ்சின் சூடேறும். பழைய வடிவ இருசக்கர வண்டிகளில் எரிபொருள் சிக்கனம் 3 முதல் 4 விழுக்காடு குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணக்கிட்டது.

ஈயத்துக்கு மாற்றாக ஊற்றும் மருந்து இவற்றில் எதையும் சரிசெய்யாது. மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டுங்கள், எத்தனால் தாங்கும் ஹோஸும் வாஷரும் போடுங்கள், நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். எண்ணெய் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எத்தனால் குறைந்த பெட்ரோலைப் பழைய வண்டிகளுக்காகச் சில பங்க்குகளிலாவது விற்க வேண்டும், கலப்பு அளவை ஒவ்வொரு பம்பிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.