சாந்திவனம் (சச்சிதானந்த ஆசிரமம்)

சாந்திவனம் என்பது தமிழ்நாட்டின் கரூர் மாவட்டத்தில், குளித்தலைக்கு அருகில் உள்ள தண்ணீர்பள்ளி என்னும் ஊரில் காவிரியின் தென்கரையில் அமைந்துள்ள கத்தோலிக்கத் துறவற ஆசிரமம் ஆகும். இதன் முறைப்படியான பெயர் சச்சிதானந்த ஆசிரமம். 1950 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டைச் சேர்ந்த இரு குருக்களால் தொடங்கப்பட்ட இவ்வாசிரமம், தற்போது பெனடிக்ட் சபையின் கமால்டோலிப் பிரிவைச் சார்ந்து இயங்குகிறது. இந்தியத் துறவு மரபைக் கிறித்தவத் துறவு வாழ்வோடு இணைக்க முயன்றமைக்காக இது பரவலாக அறியப்படுகிறது.

பெயர்க்காரணம்

இந்திய மெய்யியலில் பரம்பொருளைக் குறிக்கும் சத், சித், ஆனந்தம் என்னும் மூன்று சொற்களையும் முறையே தந்தை, மகன், தூய ஆவி என்னும் கிறித்தவத் திரித்துவத்தோடு பொருத்திக் காணும் நோக்கு இப்பெயரில் அடங்கியுள்ளது. வங்காளத்தைச் சேர்ந்த பிரம்மபாந்தவ் உபாத்யாய் (1861-1907) இந்நோக்கை முன்னரே வளர்த்தெடுத்திருந்தார். மரங்கள் அடர்ந்த ஆற்றங்கரைச் சூழலால் சாந்திவனம் என்ற பெயரே மக்கள் வழக்கில் நிலைத்தது.

வரலாறு

கிறித்தவ ஆசிரமங்கள் தமிழகத்துக்குப் புதியவை அல்ல. அன்றைய வட ஆற்காடு மாவட்டத் திருப்பத்தூரில் 1921 இல் சீர்திருத்தத் திருச்சபையினரால் கிறிஸ்துகுல ஆசிரமம் நிறுவப்பட்டது. கத்தோலிக்கர் தரப்பில் இம்முயற்சியில் முன்னோடியாக இருந்தவர் ஜூல் மோன்சானின் (1895-1957). 1939 இல் இந்தியா வந்த இவர், திருச்சிராப்பள்ளி மறைமாவட்டச் சிற்றூர்களில் பங்குத்தந்தையாகப் பணியாற்றினார். பெனடிக்ட் சபைத் துறவியான ஆன்றி லெ சோ (1910-1973) 1948 இல் இவருடன் இணைந்தார். அன்றைய ஆயர் ஜேம்ஸ் மென்டோன்சாவின் இசைவுடன் 1950 மார்ச் 21 அன்று, அக்கால நாட்காட்டியின்படி புனித பெனடிக்டின் திருநாளில், ஆசிரமம் தொடங்கப்பெற்றது. மோன்சானின் பரம அரூபி ஆனந்தர் எனவும், லெ சோ அபிஷிக்தானந்தர் எனவும் பெயர் பூண்டனர். இருவரும் காவியுடை அணிந்து, குடிசைகளில் வாழ்ந்து, சைவ உணவு உண்டனர்.

நிறுவனர்கள் காலத்தில் நிலையாகத் தங்கும் சீடர் எவரும் அமையவில்லை. இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடும் இருந்தது. 1949 இல் திருவண்ணாமலையில் இரமண மகரிசியைக் கண்ட பின்னர் அபிஷிக்தானந்தர் அத்துவைத அனுபவத்தை நாடி அருணாசல மலைக் குகைகளில் தங்கினார். அத்துவைதமும் கிறித்தவக் கோட்பாடும் எளிதில் இணையுமா என்பதில் மோன்சானினுக்கு ஐயம் இருந்தது. 1957 இல் மோன்சானின் பாரிசில் காலமானார். 1968 இல் அபிஷிக்தானந்தர் இமயமலைப் பகுதியில் உள்ள உத்தரகாசிக்குச் சென்று தங்கினார்.

அதே ஆண்டு, கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் (1906-1993) இரு துறவிகளுடன் வந்து பொறுப்பேற்றார். இவர் காலத்தில் ஆசிரமம் உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து தங்கும் இடமாக வளர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஆசிரமம் கமால்டோலிப் பிரிவுடன் இணைந்தது. கிரிபித்ஸ் 1993 மே 13 அன்று ஆசிரமத்திலேயே காலமானார்.

கோயில் அமைப்பு

ஆசிரமக் கோயில் தென்னிந்தியக் கோயில் கட்டடக்கலையைத் தழுவியது. நுழைவாயிலில் உள்ள கோபுரத்தில் திரித்துவம் மும்முகத் திருவுருவாகக் காட்டப்பட்டுள்ளது. வட்டத்துள் அமைந்த சிலுவையின் நடுவில் ஓம் எழுத்து இடம்பெற்றுள்ளது. கருவறை, கோயில்களில் உள்ளது போலவே ஒளி குறைந்ததாக அமைக்கப்பட்டு, அதன்மேல் விமானம் எழுப்பப்பட்டுள்ளது.

அன்றாட வாழ்க்கை

துறவிகளின் நாள் இரு தியான வேளைகளுக்கு இடையே அமைகிறது. சூரியன் உதிக்கும் பொழுதும் மறையும் பொழுதும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவரவர் தனித்துத் தியானம் செய்வர். காலை, நண்பகல், மாலை என மூன்று முறை அனைவரும் கோயிலில் கூடிச் செபிப்பர். காலைச் செபத்தைத் தொடர்ந்து திருப்பலி நடைபெறும்.

செபத்தில் திருப்பாடல்கள், விவிலிய வாசகங்கள் ஆகியவற்றுடன் வேதங்கள், உபநிடதங்கள், பகவத் கீதை, தமிழ்ப் பக்தி இலக்கியங்கள் ஆகியவற்றிலிருந்தும் பகுதிகள் வாசிக்கப்படும். தமிழிலும் வடமொழியிலும் பஜனைப் பாடல்கள் பாடப்பட்டு, ஆரத்தி காட்டப்படும். ஒவ்வொரு வேளைக்கும் தனி அடையாளம் உண்டு:

* காலை - சந்தனம். இறையருளின் நறுமணத்தைக் குறிப்பது.
* நண்பகல் - குங்குமம். புருவ நடுவில் இடப்பட்டு, அகக்கண்ணைக் குறிப்பது.
* மாலை - திருநீறு. தன்முனைப்பு எரிந்து தூய்மையாதலைக் குறிப்பது.

திருப்பலியில் காணிக்கையின்போது நீர், மண், காற்று, நெருப்பு ஆகிய கூறுகள் ஒப்புக்கொடுக்கப்படும். உணவு சைவ உணவாகும். தரையில் அமர்ந்து கையால் உண்பது வழக்கம்.

தன்னார்வப் பணி

ஆசிரமத்தில் தங்குவோர் கிறித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. விருந்தினர்கள் சில நாட்கள் முதல் பல மாதங்கள் வரை தங்கியதுண்டு. காய்கறி நறுக்குதல் போன்ற எளிய வேலைகளில் அவர்களும் பங்கேற்பர். பெனடிக்ட் சபையில் செபமும் உழைப்பும் பிரிக்க இயலாதவை என்பதால், இவ்வேலைகள் ஆன்மிகப் பயிற்சியின் பகுதியாகவே கருதப்படுகின்றன. 1990 இல் கிரிபித்ஸ் பக்கவாதத்தால் தாக்கப்பட்டபோது அவரைப் பேணியவர்களும் சீடர்களே.

சுற்றுப்புறச் சிற்றூர்களில் வாழும் ஏழை மக்களுக்கு முதியோர் பராமரிப்பு, கல்வி உதவி, வீடு கட்ட உதவி ஆகிய வழிகளில் ஆசிரமம் பணியாற்றி வந்துள்ளது. எனினும், ஆசிரமத்தின் முதன்மை நோக்கம் சமூகப் பணியன்று, தியான வாழ்வே என்பதைக் கிரிபித்ஸ் வலியுறுத்தினார்.

விமர்சனங்கள்

ஆசிரமம் இரு திசைகளிலிருந்தும் எதிர்ப்பைச் சந்தித்தது. இந்திய ஆயர்கள் வேண்டியபடி, தரையில் அமர்தல், ஆரத்தி, கைகூப்பி வணங்குதல் உள்ளிட்ட 12 வழிபாட்டுத் தழுவல்களுக்கு உரோமை 1969 ஏப்ரலில் இசைவளித்தது. ஆயினும் இவை கிறித்தவத்தின் தனித்தன்மையைக் குலைப்பதாகக் கத்தோலிக்கருள் ஒரு சாரார் கருதினர். மறுபுறம், சீதாராம் கோயல் 1988 இல் வெளியிட்ட கத்தோலிக்க ஆசிரமங்கள் பற்றிய ஆங்கில நூலில், காவியும் ஓங்காரமும் மதமாற்றத்துக்கான போர்வை எனக் குற்றஞ்சாட்டினார். தம் நோக்கம் மதமாற்றம் அன்று என்றும், இரு மரபுகளும் ஆழத்தில் சந்திக்கும் இடத்தைத் தேடுவதே என்றும் கிரிபித்ஸ் மறுமொழி கூறினார். ஒரு சமயத்தின் அடையாளங்களை மற்றொரு சமயத்தவர் பயன்படுத்த யார் இசைவு தர வேண்டும் என்னும் வினா இவ்விவாதத்தின் மையமாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

* இராபர்ட் தெ நோபிலி
* குரிசுமலை ஆசிரமம்
* இரமண மகரிசி