போய்ப் பார்க்காத நிலமும் போட்டுக் கொடுத்த மதிப்பும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை கரிசல் காட்டைச் சுற்றியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பாதைக்கு இந்தப் பக்கம் கிணற்றில் தண்ணீர் கிடக்கும். அந்தப் பக்கம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். பட்டாவில் இரண்டுமே புஞ்சைதான். இரண்டுக்கும் ஒரே விலை போட்டால், யாராவது ஒருத்தர் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கிராமத்தில் வட்டிக்குக் கொடுத்தவருக்கு மதிப்பீட்டாளர் தேவைப்படவில்லை. எந்தக் கிணறு கோடையில் வற்றும், எந்த வரப்பில் தகராறு என்பதெல்லாம் அவருக்கே அத்துப்படி. வங்கி மேலாளரோ வெளியூர்க்காரர். அவருக்காக நிலத்தைப் பார்க்க இன்னொருவர் கண் வேண்டியிருந்தது. அந்தக் கண் சரியாகப் பார்க்காவிட்டால் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்விக்கு முதலில் வழி திறந்தது இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை. 1963இல் ஹெட்லி பைர்ன் வழக்கில், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், தன் சொல்லை நம்பி மற்றவர் நடப்பார் என்று தெரிந்து தகவல் தருபவருக்குக் கவனக் கடமை உண்டு என்றது. 'பொறுப்பேற்க மாட்டோம்' என்று முன்கூட்டியே எழுதியிருந்ததால் அந்த வங்கி மட்டும் தப்பித்தது.

1989இல் ஸ்மித் வழக்கில் அந்த வாசகமும் காப்பாற்றவில்லை. வீட்டுக் கடனுக்காகப் பார்வையிட்டவர், கீழே புகைபோக்கிச் சுவர் இடிக்கப்பட்டிருந்ததைக் கவனித்தார். மேலே நிற்கும் புகைபோக்கியை எது தாங்குகிறது என்று ஏறிப் பார்க்கவில்லை. பிறகு அது கூரையைப் பிய்த்துக்கொண்டு வீட்டுக்குள் விழுந்தது. கட்டடம் படித்த நமக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

ஆனால் மதிப்பு என்பது கணக்கு வாய்ப்பாடு அல்லவே! 1977இல் சிங்கர் அண்டு ஃப்ரீட்லேண்டர் வழக்கில், சரியான மதிப்புக்கு மேலும் கீழும் 10 சதவீதம், அபூர்வமாக 15 சதவீதம் வரை வேறுபடலாம் என்று ஒரு வரம்பு சொல்லப்பட்டது. 1996இல் இன்னொரு தெளிவு வந்தது. 5 லட்ச ரூபாய் நிலத்தை 15 லட்சம் என்று எழுதிக் கொடுத்தால், பொறுப்பு பொதுவாக அந்த 10 லட்ச வித்தியாசத்தைத் தாண்டாது. பிறகு சந்தை சரிந்த நஷ்டத்தையெல்லாம் அவர் தலையில் கட்டக் கூடாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1957ஆம் ஆண்டுச் செல்வவரிச் சட்டத்தில் 1972இல் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் என்ற ஏற்பாடு வந்தது. 2007இல் ரிசர்வ் வங்கி, 50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துக்கு இரண்டு தனித்தனி அறிக்கைகள் வாங்கச் சொன்னது. 2012இல் உச்ச நீதிமன்றத்தில் ஐதராபாத் வீட்டுக் கடன் வழக்கு ஒன்று வந்தது. வங்கிக்குத் தவறான கருத்து கொடுத்ததாக ஒரு வழக்கறிஞர் மீது குற்றச்சாட்டு. கருத்து தவறாகப் போனதாலேயே அவரைச் சதிகாரர் என்று சொல்லிவிட முடியாது, சதியில் சேர்ந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று நீதிபதி பி. சதாசிவம் எழுதினார். வழக்கறிஞரைப் பற்றிய தீர்ப்புதான்; ஆனாலும் கவனக்குறைவு வேறு, களவு வேறு என்ற அந்தக் கோடு மதிப்பீட்டாளருக்கும் பொருந்தும்.

இதில் பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. கூட்டி எழுதினால் வங்கிக்கு, அதாவது டெபாசிட் போட்ட ஜனங்களுக்கு நஷ்டம். குறைத்து எழுதினால்? 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் விதிப்படி, ஏலத்துக்கு முன் மதிப்பீடு வாங்கித்தான் குறைந்தபட்ச விலை வைக்கிறார்கள். அது சரிந்தால், அடகு வைத்தவரின் சொத்து அடிமாட்டு விலைக்குப் போகும், பாக்கிக் கடனும் அவர் தலையிலேயே நிற்கும். மதிப்பீட்டாளருக்குக் கூலி கொடுக்காத அவருக்கும் இந்த அறிக்கையில் பங்கு இருக்கிறது.

வழிகாட்டி மதிப்பைப் பார்த்து எழுதிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். 2017 ஜூனில் தமிழகம் முழுக்க அதை 33 சதவீதம் குறைத்தார்கள். அன்று ராத்திரியோடு ராத்திரியாகக் கரிசல் மண்ணா மாறிப்போச்சு? அது பத்திரப் பதிவுக்கான கணக்கு, சந்தை விலை அல்ல.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்வது இதுதான். நாளை இந்தத் தொழிலுக்கு வந்தால், புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு எல்லையையும் நடந்து பாருங்கள். கடன் கேட்பவர் ரோட்டோரத்து மனையைக் காட்டிவிட்டு உள்காட்டு சர்வே எண்ணைக் கொடுத்திருக்கலாம். பாதை உரிமை இருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, கரிசலில் கட்டிய சுவர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடம் ரெண்டு வார்த்தை பேசுங்கள். போய்ப் பார்க்காத நிலத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீங்க.