கல்வி விடுப்பு

‘விடு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த ‘விடுப்பு’, யாழ்ப்பாண வழக்கில் பிறர் செய்தியறியும் ஆவலைக் குறித்தாலும், தமிழக அலுவலக வழக்கில், ஊழியர் விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றுப் பணியினின்று விலகியிருக்கும் காலத்தையே குறிக்கிறது. அனைவருக்கும் பொதுவானது விடுமுறை. 1922 முதல் நடைமுறையிலுள்ள அரசுப் பணி அடிப்படை விதிகளுள் 84ஆம் விதி, அறிவியல், தொழில்நுட்பம் முதலியவற்றைப் பயில அரசு ஊழியருக்கு அளிக்கப்படும் கல்வி விடுப்பை, அவரது விடுப்புக் கணக்கில் கழிப்பதில்லை என வகுத்திருப்பது பெரிதும் போற்றத்தக்கது. கற்பதற்காக இல்லம் நீங்குதலை ‘ஓதற்பிரிவு’ எனத் தொல்காப்பிய மரபு முன்பே ஏற்றிருந்தது. ஆனால், டி. கல்லுப்பட்டியிலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்குப் பயிற்சிக்காகக் கல்வித்துறையே அனுப்பிவைக்கும் ஆசிரியரின் பெயருக்கு நேரே, பள்ளி வருகைப் பதிவேட்டில் ‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி) என எழுதப்படும். அது பணிக்காலமே, விடுப்பு அன்று.