பெட்டியின் சாவி யாரிடம்?



காப்பீடு கூடுமா, கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடு தனியே ஆராயத்தக்கது. இங்கு நாம் காணவிருப்பது வரலாறு. ஒரு காப்பீட்டு நிறுவனம் யாருடைய உடைமை என்பதைப் பார்த்தே மக்கள் அதனை நாடினர், விலகினர். அந்த நம்பிக்கை எப்போது பலித்தது, எப்போது பொய்த்தது?

இந்நாட்டின் முதல் ஆயுள் காப்பீட்டு நிறுவனமான ஓரியண்டல், 1818இல் கல்கத்தாவில் ஐரோப்பியருக்காகத் தொடங்கப்பட்டது. அந்நாளைய ஆங்கிலேய நிறுவனங்கள் இந்தியருக்குக் காப்பீடு அளித்தாலும் கூடுதல் பிரிமியம் வசூலித்தன. 1870-71இல் எழுந்த பம்பாய் மியூச்சுவல் சங்கமோ இந்தியரிடமும் இயல்பான கட்டணமே பெற்றது. பாலிசி எடுத்தவர்களே அச்சங்கத்தின் உரிமையாளர்கள். 1906இல் சுதேசி அலை வீசியபோது சென்னையில் யுனைடெட் இந்தியாவும் கல்கத்தாவில் நேஷனலும் பிறந்தன. நம்மவர் நிறுவனம் என்ற எண்ணமே மக்களை அவற்றின்பால் ஈர்த்தது.

ஆனால், நம்மவர் கையில் இருப்பதாலேயே அமானிதம் காக்கப்பட்டுவிடுமா? பாரத் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பணத்தை அதன் அதிபர் ராமகிருஷ்ண டால்மியா தம் காரியங்களுக்குத் திருப்பியதை, 1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்தினார். அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு தன் வசம் எடுத்தது. 245 நிறுவனங்களும் சங்கங்களும் இணைந்து, அவ்வாண்டு செப்டம்பர் 1இல் எல்.ஐ.சி. உருவாயிற்று. பாலிசித் தொகைக்கு மத்திய அரசின் உத்தரவாதம் சட்டத்திலேயே எழுதப்பட்டது.

அரசுடைமை ஆனதும் கவலை தீர்ந்ததா? இல்லை. 1957இல் முந்த்ரா என்னும் வணிகரின் நிறுவனப் பங்குகளில் எல்.ஐ.சி. ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் முதலிட்டது. அதே ஃபெரோஸ் காந்தி மீண்டும் எழுந்து கேள்வி கேட்டார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். 1958இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

2000ஆம் ஆண்டில் தனியாருக்குக் கதவு திறக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் எல்.ஐ.சி.யின் 3.5 விழுக்காட்டுப் பங்குகளை அரசு விற்றது. ஆயினும் அரசின் உத்தரவாதம் நீடிக்கிறது. மக்களில் பெரும்பகுதியினர் இன்றும் அதனையே நாடுகின்றனர்.

வாசகர்களே! பெட்டியின் சாவி கைமாறிக்கொண்டே வந்துள்ளது. உள்ளே இருப்பதோ என்றும் விதவையின், அநாதையின் பணம். ஆகவே, பெயரையும் உறவையும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். உரிமையாளர் யார், பணம் எங்கே முதலிடப்படுகிறது, கணக்குக் கேட்பவர் யார் என்று விசாரித்தறியுங்கள். அமானிதத்தைக் காத்தது உடைமையாளரின் பெயரன்று, கேட்கப்பட்ட கணக்கே.