காவிகளின் வரைபுக்கூட்டல்

பருமனோடு திசையும் உடைய கணியங்களாகிய இடப்பெயர்ச்சி, வேகம், விசை முதலியவற்றை அம்புக்குறியிட்ட நேர்கோடுகளாக அளவுத்திட்டத்துக்கமையத் தாளில் வரைந்து, அக்கோடுகளிலிருந்தே அவற்றின் கூட்டுத்தொகையை அளந்தறியும் முறை காவிகளின் வரைபுக்கூட்டல் எனப்படும். தமிழகத்துப் பாடநூல்கள் திசையன் என வழங்குவதையே இலங்கைப் பாடநூல்கள் காவி என வழங்குகின்றன. கூட்டிப் பெறும் காவி விளையுள் எனப்படும்.

கொழும்புப் புறக்கோட்டையின் நான்காம் குறுக்குத் தெருவில், அரிசி மூடை ஏற்றிய கைவண்டியொன்றின் சில்லு பள்ளத்தில் இறங்கிவிட, நாட்டாமிகள் இருவர் அதன் முகப்பில் இரு கயிறுகளைக் கட்டி, ஒவ்வொருவரும் 200 நியூற்றன் விசையுடன், தம்முள் 60 பாகை கோணம் அமைய இழுக்கின்றனர் எனக் கொள்வோம். 1 சென்ரிமீற்றர் 40 நியூற்றனைக் குறிக்குமாறு 5 சென்ரிமீற்றர்க் கோடுகள் இரண்டை ஒரே புள்ளியிலிருந்து வரைந்து, இணைகரத்தைப் பூர்த்தி செய்து, அப்புள்ளியினூடான மூலைவிட்டத்தை அளந்தால், ஏறத்தாழ 8.7 சென்ரிமீற்றர், அதாவது 346 நியூற்றன் அளவில் விளையுள் கிடைக்கும். கோணத்தை 120 பாகையாக விரித்தால் மூலைவிட்டமும் 5 சென்ரிமீற்றராகவே சுருங்கிவிடும். இருவர் கூடி இழுத்தும் ஒருவர் நேரே இழுத்த பயனே வண்டிக்குக் கிட்டும். கயிறுகளை நெருக்கிப் பிடிக்க வேண்டுமென்பதை அனுபவத்தால் அறிந்த தொழிலாளியின் அறிவுக்கு இப்படம் காரணம் காட்டுகிறது.

இம்முறையின் தோற்றம் மிகப் பழைமையானது. அரிஸ்ரோத்திலின் பெயரால் வழங்குவதும், அவரது மாணாக்கர் பரம்பரையினர் இயற்றியதாகக் கருதப்படுவதுமான பொறிமுறை வினாக்கள் என்ற கிரேக்க நூல், ஒரு பொருள் இரு இயக்கங்களை மாறாத விகிதத்தில் ஒருங்கே பெறுமாயின் அது இணைகரத்தின் மூலைவிட்டத்தின் வழியே செல்லுமென உரைக்கிறது. ஆயினும் இயக்கத்துக்குப் பொருந்திய இவ்வுருவம் விசைக்கும் பொருந்துமென்று துணிவதற்கு நெடுங்காலம் சென்றது. சைமன் ஸ்ரெவின் 1586இல் வெளியிட்ட நிறுத்தற்கலை நூலில், சாய்தளங்கள் இரண்டின்மேற் பதினான்கு குண்டுகள் கோத்த மாலையொன்றைத் தொங்கவிட்டு, அது தானாகவே ஓயாது சுழலுதல் அசம்பவம் என்னும் ஒரே ஆதாரத்தைக் கொண்டு சாய்தளச் சமநிலையை நிறுவி, அதிலிருந்து விசைகளை முக்கோணத்தின் பக்கங்களாற் குறிக்கும் நெறிக்கு வழி வகுத்தார். பின்னர் 1687ஆம் ஆண்டில் நியூற்றன் தமது பிரின்சிப்பியாவில் இயக்க விதிகளின் முதற் கிளைத்தேற்றமாக விசையிணைகரத்தை வைத்தார். அதே ஆண்டிற் பிரான்சு தேசத்தில் வரிஞ்ஞோனும் லாமியும் தனித்தனியே அதனை வெளியிட்டனர்.

இவ்வளவும் விசையைப் பற்றியவை. விசை, வேகம் என்ற பௌதிகப் பொருள்களை விட்டுக் கோடுகளையே கூட்டலாமென்று தெளிவுறக் கூறியவர், டென்மார்க்கில் நில அளவையாளராகப் பணியாற்றிய காஸ்பர் வெசல் ஆவார். முதற்கோடு முடியும் இடத்தில் இரண்டாவது கோட்டைத் தொடங்கி, முதலாவதன் தொடக்கத்தையும் இறுதிக் கோட்டின் முடிவையும் இணைப்பதே கூட்டல் என்று, இன்று நம் மாணவர் பயிலும் அதே விதியை 1797இல் அந்நாட்டு விஞ்ஞானக் கழகத்தின் முன்னிலையில் அவர் சமர்ப்பித்தார். 1799இல் அச்சேறிய அக்கட்டுரை, டேனிய மொழியில் மட்டும் இருந்த காரணத்தால், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1897இற் பிரெஞ்சு மொழியில் வந்தபின்னரே உலகறிந்தது. சிறிய மொழியிற் சிந்திப்போர்க்கு நேரும் இந்நட்டம் நம்மவர் நெஞ்சையும் தொடுவதாகும்.

ஹமில்ரன் 1843இற் கண்ட நாலெண்களினின்று காவி தனிக் கணியமாகப் பிரிந்து, கிப்ஸ், ஹெவிசைட் ஆகியோர் கையில் இயற்கணித உருவம் பெற்றது. அதே காலத்தில் வரைபுமுறை பொறியியலாளரிடையே பெருவாழ்வு எய்தியது. சூரிச் நகரப் பேராசிரியர் கார்ல் குல்மன் 1866இல் வரைபு நிலையியலை ஒரு சாஸ்திரமாகவே வகுத்தார். ஈபெல் கோபுரத்தின் அமைப்பை முதலில் வரைந்த மோரிஸ் கெக்லின் அவருடைய மாணாக்கர்.

ஈழத் தமிழரிடையே இக்கல்வி ஆங்கில வாயிலாகவே முதலிற் புகுந்தது. மருதானையில் 1893இல் நிறுவப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று 1916இல் டிப்ளோமாப் பெற்றவரே, 1936இற் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்த சுவாமி விபுலாநந்தர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1949இற் கணிதப் பேராசிரியரான கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிரிட்ஜில் டிராக்கின் வழிகாட்டலில் ஆராய்ந்தவர்; மலாயாவுக்குச் சென்றபின் 1963இல் அவர் வெளியிட்ட கன்சைஸ் வெக்டர் அனலிசிஸ் என்ற நூல், தமிழர் ஒருவர் இத்துறையில் ஆங்கிலத்தில் எழுதிய சிறந்த பாடநூலாகும். சுயபாஷைக் கல்வி உயர் வகுப்புகளை எட்டியபோது, அரசகரும மொழித் திணைக்களத்தின் மொழிபெயர்ப்புப் பாடநூல்களும் சொற்றொகுதிகளும், விளையுள் போன்ற சொற்களை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வகுப்பறைகள்வரை கொண்டுசென்றன.

உயர்தர பௌதிகச் செய்முறையில் இன்றும் விசையிணைகரப் பரிசோதனை உண்டு. நிலைக்குத்தான பலகையின் மேல் விளிம்பில் இரு கப்பிகளைப் பொருத்தி, மூன்று நூல்களை ஒரு முடிச்சிற் சேர்த்து, இரண்டின் நுனியிற் படிகளையும் நடுநூலில் நிறை தெரியாத பொருளையும் தொங்கவிடுவர். முடிச்சைச் சற்று இழுத்து விட்டால் அது முன்னிருந்த இடத்துக்கே மீள வேண்டும்; மீளாவிடின் கப்பியில் உராய்வு உண்டென்பது தெளிவு. நூலின் பின்னே தளவாடித் துண்டைப் பிடித்து, நூலும் அதன் விம்பமும் ஒன்றாகத் தோன்றும் நிலையிற் பென்சிலாற் புள்ளியிட்டாலன்றி, இடமாறு தோற்ற வழு படத்தில் ஏறிவிடும். மேற்கூறிய அளவுத்திட்டத்தில் அரை மில்லிமீற்றர்ப் பிசகு 2 நியூற்றன் வழுவாகும்.

சைன், கோசைன் சூத்திரங்கள் கைவந்தபின் இவ்வரைதலைக் காலவிரயமென ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே வலுத்து வருகின்றது. வரலாற்றில் படமே முன்னும் சூத்திரம் பின்னும் வந்தனவாதலின், கற்பித்தலிலும் அவ்வரிசையைக் காத்து, மாணவர் கையில் அடிமட்டத்தையும் பாகைமானியையும் முதலிற் கொடுக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம்.